முற்றுப்பெறாத கருவிகளின் பயன்

பெரும்பாலான தொழில்களில், சரிபார்த்து முடிக்கப்படாத ஒரு கருவியை வெளியார் கையில் கொடுப்பது பொறுப்பற்ற செயலாகவே கருதப்படும். மென்பொருள் துறையிலோ, குறிப்பாக நிரல்களைச் சோதிக்கும் கருவிகளையும் நிரல்களில் பிழை தேடும் கருவிகளையும் உருவாக்குவோரிடையே, ‘இது இன்னும் பரிசோதனை நிலையில்தான் உள்ளது’ என்ற அறிவிப்போடு ஒரு கருவியை அதன் மூல நிரலுடன் சேர்த்துப் பொதுவில் வைப்பது நிலைபெற்றுவிட்ட வழக்கமாகும். அவ்வாறு வைக்கப்பட்ட கருவிகளுள் சில, பின்னாளில் முதன்மை மென்பொருளுக்குள்ளேயே இடம்பெற்றன. சில கைவிடப்பட்டு வேறு பெயரில் மீண்டன. சில மறைந்துபோயின, எனினும் அவை முன்வைத்த எண்ணம் பிழைத்துக்கொண்டது. இவ்வழக்கத்தின் பயன் யாது, எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டால் அது பயன்தரும் என்பதை, ஜாவா என்னும் நிரல்மொழியைச் சூழ்ந்து தோன்றிய சில கருவிகளின் வரலாற்றைக் கொண்டு காணலாம்.

சோதனையும் பகுப்பாய்வும்

ஒரு நிரல் சரியாக இருக்கிறதா என்று அறிய இரு வழிகள் உண்டு. முதலாவது, அதை இயக்கிப் பார்ப்பது: குறிப்பிட்ட உள்ளீட்டைக் கொடுத்து, வர வேண்டிய விடை வருகிறதா என்று மற்றொரு சிறு நிரல் சரிபார்க்கும், இதுவே சோதனை எனப்படுகிறது. ஜாவாவில் இத்தகைய சோதனைகளுக்கு அடித்தளமாக விளங்கும் ஜேயூனிட்டை, கென்ட் பெக், எரிக் காமா ஆகிய இருவரும் 1997இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவில் நடந்த மாநாட்டுக்குச் செல்லும் விமானத்தில் அமர்ந்தபடியே எழுதத் தொடங்கினர். இரண்டாவது வழி, நிரலை இயக்காமலேயே அதன் வரிகளைப் படித்து, பிழைக்கு இடந்தரக்கூடிய அமைப்புகளைக் கண்டுபிடிப்பது. இது நிலைப் பகுப்பாய்வு எனப்படுகிறது. சி மொழி நிரல்களுக்காக பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் உருவாக்கி, 1978இல் விவரித்து எழுதிய ‘லின்ட்’ இவ்வகைக் கருவிகளுக்கு முன்னோடியாகும்.

இவ்விரு வகைக் கருவிகளும் நிரலாளரின் அன்றாட வேலைக்குள் நுழைவதற்கு ஒரு வாயிலாக அமைந்தது, ஐபிஎம் நிறுவனம் 2001 நவம்பரில் திறமூலமாக வெளியிட்ட எக்லிப்ஸ் ஆகும். மூல நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமம் அளிக்கும் முறையே திறமூலம். எக்லிப்ஸ் என்பது நிரலை எழுதித் திருத்தி இயக்கிப் பார்ப்பதற்கான ஒரு பணிமேடை. அதன் கருப்பகுதி சிறியது. ஜாவா நிரலைத் திருத்தும் வசதி உட்பட ஏனைய அனைத்தும் செருகுநிரல்களாகவே அமைந்தவை. முதன்மை மென்பொருளின் மூலத்தில் ஒரு வரியைக்கூட மாற்றாமல், அது திறந்துவைத்திருக்கும் இணைப்பிடங்களில் வந்து பொருந்திக்கொண்டு, புதிய வசதியொன்றைச் சேர்க்கும் தனி நிரலே செருகுநிரல் எனப்படுகிறது. எந்த இடத்தில் புதிய பொத்தான் தோன்ற வேண்டும், எந்த வகைக் கோப்புக்கு அது உரியது என்பன போன்ற விவரங்களைச் செருகுநிரலோடு வரும் ஓர் அறிவிப்புக் கோப்பு தெரிவித்துவிடும். பயனர் அந்த வசதியை உண்மையிலேயே அழைக்கும்வரை செருகுநிரலின் எஞ்சிய பகுதி நினைவகத்தில் ஏற்றப்படுவதில்லை.

காமாவும் பெக்கும் எக்லிப்ஸுக்குச் செருகுநிரல் எழுதுவோருக்காக 2003இல் ஒரு நூலை வெளியிட்டபோது, அதில் பயிற்சிக்காக எடுத்துக்கொண்டதும் ஜேயூனிட் சோதனைகளைப் பணிமேடைக்குள்ளிருந்தே இயக்கும் செருகுநிரல்தான். இணைப்பிடத்தைத் திறந்துவைப்பவர், அங்கு வந்து பொருந்தும் நிரல் தவறாக நடந்துகொண்டாலும் தம் மென்பொருள் நிலைகுலையாதவாறு காத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்நூல் வகுத்த விதிகளுள் ஒன்று. அரைகுறையான ஓர் எண்ணத்தையும் பலரிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்ற துணிவு இந்த ஏற்பாட்டிலிருந்தே பிறந்தது. கருவி பயன்படவில்லை என்று கண்டவர் அதை நீக்கிவிட்டால் போதும், பணிமேடை முன்பிருந்தவாறே இருக்கும்.

ஆய்வகத்திலேயே செப்பனிட்டு, முழுமை பெற்றபின் வெளியிட்டால் ஆகாதா என்ற ஐயம் இங்கு எழலாம். பிழை தேடும் கருவியின் தரம் அது படிக்கும் நிரலைப் பொறுத்தது. உருவாக்கியவர் தாம் எழுதிய நிரலில் மட்டும் அதை ஓட்டிப் பார்த்தால், தமக்குப் பழக்கமான பிழைகளையே அது காட்டும். பலர் கைபட்டு வளர்ந்த பழைய நிரல்களில் அது எத்தனை முறை காரணமின்றி எச்சரிக்கிறது, வேலையின் நடுவே அது துணையாகிறதா தொல்லையாகிறதா என்பனவெல்லாம் பிறர் பயன்படுத்தினாலன்றித் தெரியாதவை. ஆகவே, பரிசோதனை நிலையில் வெளியிடப்படும் செருகுநிரல் ஒரு கருவியாக மட்டுமன்றி, பயனரிடம் முன்வைக்கப்படும் ஒரு கேள்வியாகவும் விளங்குகிறது.

மறைந்த கருவியும் நிலைத்த எண்ணமும்

பரிசோதனைக் கருவி ஒரு கேள்வியே என்பதற்குத் தெளிவான சான்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் சாஃப், மைக்கேல் எர்ன்ஸ்ட் ஆகியோர் உருவாக்கிய ‘தொடர் சோதனை’ என்னும் எக்லிப்ஸ் செருகுநிரல். அதுவரை நிரலாளர் வேலையை நிறுத்தி, சோதனைகளை இயக்கி, முடிவுக்காகக் காத்திருந்து, பிறகு வேலையைத் தொடர வேண்டியிருந்தது. அடிக்கடி நிறுத்தினால் நேரம் வீணாகும், நிறுத்தாமல் சென்றால் பிழை வெகுதூரம் சென்றபின்பே தெரியவரும். இச்செருகுநிரல், நிரலில் திருத்தம் செய்யப்பட்டதும், எவரும் ஏவாமலேயே, கணினி சும்மா இருக்கும் நேரத்தைப் பயன்படுத்திச் சோதனைகளைப் பின்னணியில் ஓட்டியது. ஏதேனும் ஒரு சோதனை தோற்றால், மொழியின் இலக்கண விதியை மீறிய வரிக்கு அருகே தோன்றுவது போன்ற குறி ஒன்று திரையின் ஓரத்தில் தோன்றியது.

இது உண்மையில் உதவுகிறதா என்பதை மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்து, 2004இல் அவ்விருவரும் முடிவுகளை வெளியிட்டனர். அந்த வசதியைப் பெற்ற மாணவர்கள், கொடுத்த பணியைக் கெடுவுக்குள் முடிப்பதற்கான வாய்ப்பு, அதைப் பெறாதவர்களைக் காட்டிலும் மூன்று மடங்காக இருந்தது. அந்தச் செருகுநிரல் நீண்ட காலம் பராமரிக்கப்படவில்லை. ஆயினும் அதே எண்ணத்தை இன்ஃபினிடெஸ்ட் என்னும் திறமூலச் செருகுநிரல் மேற்கொண்டது, கென்ட் பெக் 2009இல் ஜேயூனிட் மேக்ஸ் என்ற பெயரில் கட்டணச் செருகுநிரலாகக் கொணர்ந்தார், 2017இல் மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ அதைத் தன் உயர்நிலைப் பதிப்பில் உள்ளமைந்த வசதியாகவே சேர்த்தது. கருவி அழிந்ததைத் தோல்வி என்று கொள்வோர், அது எழுப்பிய கேள்விக்கு ஐயமற்ற விடை கிடைத்ததைக் காணத் தவறுகின்றனர்.

எளிய பிழைகளைத் தேடிய ஃபைண்ட்பக்ஸ்

நிலைப் பகுப்பாய்வில் இவ்வழக்கத்தின் உயர்வையும் இடரையும் ஒருசேரக் காட்டுவது ஃபைண்ட்பக்ஸ். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பில் பியூவும் அவர் மாணவர் டேவிட் ஹோவ்மேயரும் உருவாக்கிய இக்கருவி, ஆழ்ந்த கணிதத்தை நாடாமல், நிரலாளர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளின் வடிவங்களைப் பட்டியலிட்டு, அவ்வடிவங்கள் எங்கெங்கே தென்படுகின்றன என்று தேடியது. தேர்ந்தவர்கள் எழுதி, பலராலும் சோதிக்கப்பட்ட நிரல்களில் இத்தகைய எளிய தவறுகள் இரா என்று பொதுவாக எண்ணப்பட்டுவந்தது. 2004இல் வெளியான அவர்களது ஆய்வுக் கட்டுரை அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது.

எக்லிப்ஸின் மூல நிரலிலேயே, ஒரு கோப்பு திறக்கப்படவில்லை என்று உறுதிசெய்துகொண்ட அடுத்த வரியில், அந்தத் திறக்கப்படாத கோப்பை மூடுமாறு ஆணையிடும் பகுதி ஒன்று இருந்தது; ‘திறக்கப்பட்டிருந்தால்’ என்று எழுத வேண்டிய இடத்தில் நிபந்தனை தலைகீழாகிவிட்டதே காரணம். ஜாவாவோடு வழங்கப்படும் அடிப்படை நிரல்தொகுப்பில், தன்னிடம் சேமித்துவைத்துள்ள மதிப்பைத் திருப்பித் தர வேண்டிய ஒரு செயற்கூறு, சிறு எழுத்துத் தவறினால் தன்னைத்தானே அழைத்துக்கொண்டிருந்தது. அதை யாரேனும் பயன்படுத்தினால், நினைவகம் தீரும்வரை அது தன்னையே அழைத்துக்கொண்டிருக்கும். மனிதக் கண் நூறு முறை கடந்துசெல்லும் இத்தகைய வரிகளை, வடிவத்தை மட்டுமே நோக்கும் கருவி முதல் பார்வையிலேயே பிடித்துவிடுகிறது.

ஃபைண்ட்பக்ஸ் திறமூல உரிமத்தோடும் எக்லிப்ஸ் செருகுநிரலோடும் வழங்கப்பட்டதால் விரைவில் பரவியது. 2009 மே மாதம் கூகுள் நிறுவனம் தன் நிரல்கள் முழுவதிலும் அதை இயக்கி, அது காட்டிய ஆயிரக்கணக்கான எச்சரிக்கைகளைத் தன் பொறியாளர்கள் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டு ஆராயச் செய்தது. திருத்தப்பட வேண்டியவை என்றே பெரும்பாலான எச்சரிக்கைகளைப் பொறியாளர்கள் மதிப்பிட்டனர். ஆயினும், அவற்றுள் மிகச் சிலவே நடைமுறையில் பெருந்தொல்லை விளைவித்திருந்தன. கடுமையான பிழைகள் எப்படியும் வேறு வழிகளில் கண்டுபிடிக்கப்பட்டுவிடுகின்றன என்பதும், அவற்றைத் திருத்தும் செலவு குறைவாக இருக்கும் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுப்பதுதான் இக்கருவியின் உண்மையான பயன் என்பதும் அவ்வாய்விலிருந்து பெறப்பட்டன. கருவியை உருவாக்கியவர்களும் பங்கேற்று எழுதிய அக்கட்டுரை, தம் கருவிக்குச் சாதகமற்ற முடிவையும் மறைக்காமல் சொன்னது.

பொய் எச்சரிக்கையின் விலை

பகுப்பாய்வுக் கருவி பிழையற்ற வரியையும் பிழை என்று சுட்டுவது பொய் எச்சரிக்கை எனப்படுகிறது. ஊர்க்காவலன் நாள்தோறும் காரணமின்றிக் கூவினால் திருடன் வரும் நாளில் எவரும் எழமாட்டார். பொய் எச்சரிக்கை மிகுந்த கருவிக்கும் அதே கதிதான். ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக ஆய்விலிருந்து வணிகக் கருவியாக வளர்ந்த கவரிட்டியை உருவாக்கியவர்கள் 2010இல் எழுதிய கட்டுரையில், பொய் எச்சரிக்கை 30 விழுக்காட்டைத் தாண்டினால் பயனர்கள் கருவியையே புறக்கணிக்கத் தொடங்குகின்றனர் என்றும், நிலைபெற்ற சோதிப்பு விதிகளில் அதை 20 விழுக்காட்டுக்குள் வைத்திருக்க முயல்வதாகவும் குறிப்பிட்டனர். கூகுள் தன் பகுப்பாய்வு மேடையில் இந்த எல்லையை 10 விழுக்காடாகக் குறைத்ததோடு, அளவுகோலையும் மாற்றியது: எச்சரிக்கை தருக்கப்படி சரியாகவே இருந்தாலும், அதைக் கண்ட நிரலாளர் எந்தத் திருத்தமும் செய்யாமல் விட்டுவிட்டால், அதுவும் பொய் எச்சரிக்கையாகவே கணக்கிடப்படுகிறது. ஒவ்வோர் எச்சரிக்கையின் அருகிலும் ‘பயனில்லை’ என்று தெரிவிக்க ஒரு பொத்தான் வைக்கப்பட்டது. அது மிகுதியாக அழுத்தப்படும் விதி திருத்தப்படும், இல்லையேல் நிறுத்தப்படும்.

புதிய விதிகளைத் தனியே பிரித்துவைக்கும் வழக்கம் இந்த அனுபவத்திலிருந்தே உருவானது எனலாம். ரஸ்ட் மொழிக்குரிய கிளிப்பி என்னும் பகுப்பாய்வுக் கருவி, தானே ஒரு காலத்தில், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குரிய செருகுநிரலாகத் தொடங்கியது. இன்று அதில் இன்னும் பக்குவப்படாத விதிகளெல்லாம் ‘நாற்றங்கால்’ என்று பொருள்படும் தனித் தொகுதியில் வைக்கப்பட்டுள்ளன. பயனர் கேட்டாலன்றி அத்தொகுதி இயங்காது. எக்லிப்ஸ் அறக்கட்டளையும், தன் குடையின்கீழ் அடைகாக்கும் நிலையிலுள்ள திட்டங்கள் முட்டை வடிவ முத்திரையைக் காட்டவும், அந்நிலையில் இருப்பதை வெளிப்படையாகத் தெரிவிக்கவும் வழிவகுத்துள்ளது.

பெயர் மாறிய கருவியும் பெயர் மாறாத முத்திரையும்

ஃபைண்ட்பக்ஸின் பிற்கால வரலாறு பரிசோதனைக் கருவிகளுக்கே உரிய இடரை வெளிக்காட்டியது. 2015 மார்ச்சில் 3.0.1 பதிப்பு வெளிவந்தபின் புதிய வெளியீடு வரவில்லை. திட்டத்தின் மைய உரிமைகள் ஓரிருவர் கையிலேயே இருந்ததால், பங்களிக்க ஆர்வமுள்ளவர்கள் பலர் இருந்தும் அவர்களால் புதிய பதிப்பை வெளியிட இயலவில்லை. ஃபைண்ட்பக்ஸ் என்ற பெயர் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் வணிகமுத்திரை. நிரலோ திறமூல உரிமத்தின்கீழ் இருந்தது. எனவே பங்களிப்பாளர்கள் நிரலை எடுத்துக்கொண்டு, ஸ்பாட்பக்ஸ் என்ற புதிய பெயரில் 2017இல் அதைத் தொடர்ந்தனர். உரிமம் திறந்திருந்ததால் கருவி பிழைத்தது. வெளியிடும் அதிகாரம் பகிரப்படாததால் இரண்டு ஆண்டுகள் இழக்கப்பட்டன.

இதற்கு மாறாக, நேர்வழியில் முதிர்ந்த செருகுநிரல் எக்லெம்மா. சோதனைகள் இயங்கும்போது நிரலின் எந்தெந்த வரிகள் உண்மையில் இயக்கப்பட்டன என்பதை அளப்பது சோதனை வீச்சு எனப்படும். 2006இல் வெளிவந்த எக்லெம்மா, முற்றிலும் இயங்கிய வரியைப் பச்சையிலும், ஒரு பகுதி மட்டும் இயங்கியதை மஞ்சளிலும், எந்தச் சோதனையும் தொடாததைச் சிவப்பிலும் திரையிலேயே காட்டியது. அது எம்மா என்னும் பழைய அளவீட்டு இயந்திரத்தை நம்பியிருந்தது. அந்த இயந்திரத்தின் வளர்ச்சி நின்றுவிட்டபோது, எக்லெம்மாவை உருவாக்கியவர்கள் ஜாகோகோ என்ற புதிய இயந்திரத்தை எழுதி, பழையதற்கு மாற்றாகப் பொருத்தினர். 2017 முதல் எக்லெம்மா, ஜாவா நிரலாளர்களுக்கான எக்லிப்ஸ் தொகுப்பிலேயே சேர்த்து வழங்கப்படுகிறது. ஜாகோகோவோ எக்லிப்ஸுக்கு வெளியேயும் ஜாவா உலகெங்கும் பயன்படுத்தப்படுகிறது.

மூன்றாவது வகைத் தலைவிதி ஜேயூனிட்டின் நான்காம் தலைமுறையில் நேர்ந்தது. புதிய எண்ணங்களை வைப்பதற்காக அதில் ‘பரிசோதனை’ என்ற பெயரிலேயே ஒரு நிரல்தொகுதி ஒதுக்கப்பட்டது. பொதுவான ஒரு கூற்றை எழுதிப் பல மதிப்புகளுக்கு அதைச் சரிபார்க்கும் ‘கோட்பாடுகள்’ என்ற வசதி 2007இல் 4.4 பதிப்பில் அங்கே நுழைந்தது; மெதுவாக ஓடும் சோதனைகளையும் விரைவாக ஓடுபவற்றையும் பிரித்துவைக்க உதவும் ‘வகைகள்’ என்ற வசதி 4.8 பதிப்பில் சேர்ந்தது. பின்னது மிகுதியாகப் பயன்படுத்தப்பட்டும், 2020இல் வெளியான 4.13 பதிப்பிலும் அதே பரிசோதனைத் தொகுதியிலேயே இருந்தது. தொகுதியின் பெயர் பயனர்களின் ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் எழுதப்பட்டுவிடுவதால், அவ்வசதியை வேறு தொகுதிக்கு மாற்றினால் அத்தனை கோப்புகளும் இயங்காமல் போகும். தற்காலிகம் என்று ஒட்டிய முத்திரை நிரந்தரமாகிவிட, அச்சொல் எதையும் எச்சரிக்காத வெற்றுச் சொல்லாயிற்று.

2017 செப்டம்பரில் வெளிவந்த ஜேயூனிட் 5 இத்தவற்றிலிருந்து பாடம் கற்றது. இதில் வெளியார் பயன்படுத்தக்கூடிய ஒவ்வோர் உறுப்பின்மீதும், தொகுதியின் பெயரோடு தொடர்பில்லாத ஒரு நிலைக்குறிப்பு இடப்படுகிறது: உள்பயன்பாட்டுக்கு மட்டும், கைவிடப்படவுள்ளது, பரிசோதனை நிலை, பேணப்படுவது, நிலையானது என அந்நிலைகள் ஐந்து. பரிசோதனை நிலையிலுள்ள உறுப்பு மேல்நிலைக்கு உயர்த்தப்படலாம், முன்னறிவிப்பின்றி நீக்கப்படவும் செய்யலாம் என்று ஆவணம் ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. ஒரே சோதனையைப் பல உள்ளீடுகளுக்கு இயக்கும் வசதி இவ்வாறு பரிசோதனை நிலையில் வெளிவந்து, 2020இல் 5.7 பதிப்பில் நிலையானதாக அறிவிக்கப்பட்டது. குறிப்பு மட்டுமே மாறியது, பயனரின் நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

நம்பிக்கையும் பாதுகாப்பும்

செருகுநிரலை நிறுவுபவர், அதன் உருவாக்கியவருக்குத் தம் கணினியில் தாம் செய்யக்கூடிய பெரும்பாலான செயல்களைச் செய்யும் உரிமையை, பெரும்பாலும் அறியாமலேயே, வழங்குகிறார். பகுப்பாய்வுக் கருவி இயல்பாகவே முழு மூல நிரலையும் படிக்கிறது. சோதனைக் கருவி நிரலை இயக்கவே செய்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குரிய புகழ்பெற்ற பகுப்பாய்வுக் கருவியான ஈஎஸ்லின்ட் பயன்படுத்தும் துணைத்தொகுப்பு ஒன்றின் போலிப் பதிப்பு 2018 ஜூலை 12 அன்று, அம்மொழியின் நிரல்தொகுப்புகளைப் பகிரும் என்பிஎம் களஞ்சியத்தில் வெளியிடப்பட்டது. பராமரிப்பாளர் ஒருவர் ஒரே கடவுச்சொல்லை வேறிடத்திலும் பயன்படுத்தியிருந்ததாலும், அவரது கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு இல்லாததாலும், தாக்கியவர் அவர் பெயரிலேயே அப்பதிப்பை ஏற்ற முடிந்தது. அதை நிறுவியவர்களின் கணினியிலிருந்து, அவர்கள் தம் தொகுப்புகளை வெளியிடப் பயன்படுத்தும் அனுமதிக் குறியீடுகளை அது திருடியது. களஞ்சிய நிர்வாகம் அதுவரை வழங்கியிருந்த அனுமதிக் குறியீடுகள் அனைத்தையும் ரத்துசெய்ய நேர்ந்தது. பலர் கண்காணிக்கும் பெருந்திட்டத்திலேயே இது நிகழ்ந்ததென்றால், தனி ஒருவர் ஓய்வுநேரத்தில் பராமரிக்கும் பரிசோதனைச் செருகுநிரல்கள் எத்தகைய விழிப்பைக் கோருகின்றன என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

மேற்கண்ட வரலாறுகள் வெளியிடுவோருக்கும் பயன்படுத்துவோருக்கும் உரிய கடமைகளைத் தெளிவாக்குகின்றன. வெளியிடுபவர், கருவி எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்பதையும், எதை உறுதியளிக்கவில்லை என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். பதிப்பு எண்ணை 0 என்று தொடங்கினால் எதுவும் எப்போதும் மாறலாம் என்ற பொது மரபைப் பின்பற்றலாம். உரிமத்தைக் குறிப்பிடாமல் நிரலைப் பொதுவில் வைப்பது பிறர் கையைக் கட்டிப்போடுவதாகும் என்பதை உணர வேண்டும். வெளியிடும் அதிகாரத்தை நம்பத்தக்க மற்றொருவரிடமும் கொடுத்துவைக்க வேண்டும். முயற்சி முடிந்துவிட்டால் அதை வெளிப்படையாக அறிவித்து மூட வேண்டும். பயன்படுத்துபவர், பரிசோதனை நிலைக் கருவியை நிறுவனத்தின் அன்றாட உற்பத்திப் பணிக்கு அச்சாணியாக்காமல், தனிக் கணினியிலோ தனிப் பிரதியிலோ முதலில் இயக்கிப் பார்க்க வேண்டும். பொய் எச்சரிக்கையைக் கண்டால் கருவியை ஓசையின்றி நீக்கிவிடாமல், அதற்குக் காரணமான வரியை உருவாக்கியவருக்கு எழுதி அனுப்ப வேண்டும். கட்டணமின்றிப் பெற்ற கருவிக்குப் பயனர் திருப்பித் தரக்கூடிய ஒரே விலை அந்த மறுமொழிதான். அது வராவிடில், பரிசோதனை என்ற பெயரில் வெளியிடப்பட்டது எதுவும் பரிசோதிக்கப்பட்டதாகாது.